உட்கார்ந்து அளவெடுத்த ஜம்ப்சூட்

ஏப்ரல் 15 விடிந்தால் மண்டபத்தில் ஊரின் சத்தமே மாறிவிடும். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நான் கணக்கு எழுதுகிற ஐஸ் கம்பெனியில் அந்த நாட்களில் பாதி வேலைகூட இருக்காது. நாட்டுப்படகுக்காரர்கள் வந்து இரண்டு பார், மூன்று பார் ஐஸ் வாங்கிப்போவதோடு சரி. மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம். அதனால் தடைக்காலம்தான் எனக்குத் தையல் காலம். எனக்கு வேண்டிய உடுப்பை நானே தைத்துக்கொள்வது என்று ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. குர்த்தா, பேன்ட், ஒரு சட்டை எல்லாம் தைத்தாயிற்று. இந்த வருஷம் லினன் துணியில் தொளதொளவென்று ஒரு ஜம்ப்சூட்.

ஜம்ப்சூட் ஏன் என்று அம்மா கேட்டார். வாரத்தில் இரண்டு நாள் வசூலுக்காக ஸ்கூட்டரில் பாம்பன் பாலத்தைக் கடந்து போகிறேன். பாலத்தின் நடுவில் வரும்போது காற்று குர்த்தாவின் பக்க ஓப்பனைப் பிடித்துத் தூக்கும். துப்பட்டாவை எப்படிச் சுற்றிக் கட்டினாலும் ஒரு நுனி அவிழ்ந்து முகத்தில் அடிக்கும். மேலும் கீழும் ஒன்றாய் இருந்து, தளர்வாய் இருந்து, பறக்காமல் இருக்கிற ஒரு உடுப்பு எனக்கு வேண்டியிருந்தது. சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார்களைப் பார்த்திருக்கிறேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். செய்கிற வேலைக்குத் தோதாக உடுப்பை மாற்றிக்கொள்வது இந்தக் கரையில் புதுசு இல்லை.

துணிக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் லினன் என்று கேட்டால் முதலில் லினன்–காட்டன் கலப்பைத்தான் எடுத்துப் போடுவார்கள். சில கடைகளில் பார்வைக்கு லினன் மாதிரி இருக்கிற பாலியஸ்டரும் வரும். அசல் லினன் ஆளிச்செடியின் தண்டு நார். நாம் சாப்பிடுகிற ஆளிவிதையும் அதே செடிதான். பிரான்சு, பெல்ஜியம் நாடுகளில் நாருக்காகவே அதைப் பயிர் செய்கிறார்கள். பிடுங்கிய தண்டை வயலிலேயே பரப்பிப் பனியில் நனையவிட்டு நாரைப் பிரிக்கிறார்கள். கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை ஊறப்போடுகிற அதே கதைதான். அதனால்தான் லினன் நூலில் அங்கங்கே முண்டு முண்டாய் இருக்கும். விரலால் தடவினால் தெரியும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். லினனோ பருத்தியோ என்றால் தாள் எரிகிற வாசனை வந்து, தொட்டால் உதிர்கிற சாம்பல் ஆகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சுருண்டு கறுப்பு மணியாய் இறுகும்.

லினன் நூலின் கனத்தை ‘லீ’ என்று சொல்வார்கள். எண் கூடக்கூட நூல் மெல்லிசு. 60 லீ சட்டைக்கு நன்றாக இருக்கும். கால் பாகமும் சேர்ந்த உடுப்புக்கு அது மெல்லிசு, உள்ளே தெரியும், உட்காருகிற இடத்தில் சீக்கிரம் நைந்துவிடும். நான் 40 லீ எடுத்தேன். சாயம் போடாத மணல் நிறம், 58 இஞ்சு அகலம், மீட்டர் 650 ரூபாய், மூன்றரை மீட்டர். பட்டனும் நூலும் வாங்கக் குன்னத்தூர் சத்திரம் போனேன். முன்பு புதுமண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது அங்கேதான் இருக்கின்றன. சிரட்டை பட்டன் ஏழு, ஒரு இஞ்சு எலாஸ்டிக், துணிக்கு ஒத்த நிறத்தில் பாலியஸ்டர் நூல் இரண்டு கண்டு. பருத்தித் துணிக்குப் பருத்தி நூல், லினனுக்கும் பருத்தி நூல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கவட்டையிலும் அக்குளிலும் இழுவை தாங்க வேண்டும்.

அப்புறம் நனைக்கிற வேலை. லினனை நனைக்காமல் வெட்டவே கூடாது. எல்லோரும் சொல்வதுதான், ஆனாலும் எவ்வளவு சுருங்குகிறது என்று நானே அளந்து பார்க்க ஆசைப்பட்டேன். துணியின் மூலையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சரியாக 100 செ.மீ. அளந்து நூலால் அடையாளம் தைத்தேன். ஒரு ராத்திரி முழுக்கப் பக்கெட்டில் ஊறவைத்து, துவைத்து, நிழலில் காயப்போட்டு, மறுபடி ஒரு தடவை அதேபோல் செய்தேன். நீளத்தில் 94 செ.மீ. நின்றது, அகலத்தில் 97. மூன்றரை மீட்டரில் 21 செ.மீ. போய்விட்டது. இந்த 6 சதவீதம் ஜம்ப்சூட்டில் என்ன செய்யும் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரிலேயே அலசிக் காயப்போட்டால் லினன் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். இரண்டு குடம் காவிரித் தண்ணீரை எடுத்துவைத்துக் கடைசி அலசலை அதில் செய்தேன். குடிக்கிற தண்ணீரைத் துணிக்கு ஊற்றுகிறாயே என்று அம்மா வருத்தப்பட்டார். அவர் சொல்வதும் நியாயம். அந்தத் தண்ணீரையே வாசல் முருங்கைக்கு ஊற்றினேன். ஆனால் காவிரித் தண்ணீரில் அலசிய துணியையும் உப்புத் தண்ணீரில் அலசிய ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே துணி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி அளவு.

சுற்றளவு சுலபம். எனக்கு மார்பு 36, சீட், அதாவது உட்காருகிற இடத்தின் சுற்று, 40. தளர்வாய் வேண்டும் என்பதால் மார்புக்கு 44, சீட்டுக்கு 47 என்று வைத்துக்கொண்டேன். குர்த்தா தைத்த பழக்கத்தில் இதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் பழைய வேட்டி இரண்டை எடுத்து முதலில் ஒரு மாதிரி தைத்தேன். மாதிரி தைக்காமல் மீட்டர் 650 ரூபாய்த் துணியில் கத்தரி வைக்க எனக்கு மனசு வராது. வேட்டி மாதிரியைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால் அவ்வளவு அழகாய் விழுந்தது. முன்னால் திரும்பி, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பத்தா அடுப்படி வாசலில் அரிவாள்மனையை வைத்துச் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “ஏத்தா, நின்னுக்கிட்டே இருக்கவா உடுப்புத் தைக்கிற? இந்தா, இதுல வந்து உக்காரு” என்றார்.

போய் உட்கார்ந்தேன். அரிவாள்மனையில் உட்காருவது எப்படி என்று நம் வீடுகளில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கால் மனையை மிதித்திருக்கும், மற்ற முட்டி மார்புக்கு நேராக மேலே வரும், முதுகு முன்னால் வளையும். முதலில் இரண்டு தோளையும் யாரோ பின்னாலிருந்து கீழே அமுக்குவது போல இருந்தது. சாளையை எடுக்கக் கையை நீட்டியதும் ‘சர்ர்’ என்று சத்தம். பின் நடுத் தையல், இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்துவிட்டது. தையல் நூல் அறவில்லை, தையலை ஒட்டித் துணியே கிழிந்திருந்தது. அப்பத்தா சிரிக்கவில்லை. “முதுகு பத்தல” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைதான் ஜம்ப்சூட் முழுக்க. குர்த்தா–பேன்ட்டில் குனிந்தால் இடுப்பில் இரண்டும் பிரிந்து கொடுக்கும். சேலையில் கேட்கவே வேண்டாம். ஜம்ப்சூட்டில் தோளிலிருந்து கவட்டை வரைக்கும் ஒரே துணி, விலகிக் கொடுக்க இடமே கிடையாது. உட்காரும்போது உடம்பின் பின்பக்கம் நீளமாகிறது. அந்த நீளத்தைத் துணி கொடுக்காவிட்டால் தோளை இழுக்கும், கவட்டையை அறுக்கும், கடைசியில் கிழியும். அகலத்தில் எத்தனை இஞ்சு தளர்வு கொடுத்தாலும் இதற்கு உதவாது. என் மாதிரியில் சுற்றளவுக்கு எட்டு இஞ்சு தளர்வு, நெடுக்குவாக்கில் ஒன்றுமே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவை டேப் பிடிக்கச் சொல்லி அளவெடுத்தேன். கழுத்தை ஒட்டிய தோளில் டேப்பின் நுனியை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவில் விட்டு, பின்பக்கமாக ஏற்றி அதே தோளுக்குக் கொண்டுவர வேண்டும். இதைத் தனியாக எடுக்க முடியாது. டேப் முறுக்கிக்கொள்ளும், அளவு பொய் சொல்லும். நின்றால் 60 இஞ்சு. அரிவாள்மனையில் உட்கார்ந்து குனிந்தால் 63½. அதற்கு மேல் அரை இஞ்சு சேர்த்து 64 என்று முடிவு செய்தேன்.

இப்போது அந்த 6 சதவீதத்துக்கு வருகிறேன். 64 இஞ்சில் 6 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 4 இஞ்சு. அதாவது துணியை நனைக்காமல் வெட்டியிருந்தால், நான் பார்த்துப் பார்த்துக் கூட்டிய நாலு இஞ்சும் முதல் சலவையிலேயே காணாமல் போயிருக்கும். கடையில் வாங்கிய லினன் ஜம்ப்சூட் ஒரு தடவை துவைத்ததும் கவட்டையில் பிடிக்கிறது என்று ஒரு தோழி சொன்னபோது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

நாலு இஞ்சை எங்கே வைப்பது என்பதில் ஒரு தப்பு செய்தேன். இரண்டாவது மாதிரியில் கவட்டையை இரண்டு இஞ்சு கீழே இறக்கினேன். கீழே இறக்கினால் இடம் கிடைக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உட்கார்ந்தால் கிழியவில்லை, சரி. ஆனால் வாசல் படியில் கால் வைத்து ஏறினால் இரண்டு தொடையையும் சேர்த்துக் கட்டியது போல இருந்தது. லுங்கியைத் தூக்கிக் கட்டாமல் ஏணியில் ஏறிப் பாருங்கள், அதே கதைதான். கவட்டை எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு கால் விரிகிற அகலம் குறைகிறது. காலைத் தூக்கினால் மொத்த உடுப்பும் கூடவே மேலே வருகிறது. ஸ்கூட்டரில் ஏற முடியாத உடுப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மூன்றாவது தடவை நாலு இஞ்சைப் பிரித்தேன். மேல்பாகத்தில் முன்னும் பின்னும் இடுப்புக்கு நேரே ஒவ்வொரு இஞ்சு, ஆக இரண்டு. கால் பாகத்தின் பின் இடுப்புக் கோட்டை நடுவில் ஒன்றேகால் இஞ்சு மேலே தூக்கி, பக்கத் தையலுக்கு வரும்போது பழைய கோட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தேன். மிச்சம் முக்கால் இஞ்சைப் பின்பக்கக் கவட்டை வளைவின் நுனியில் நீட்டினேன். கவட்டை உயரம் பழைய இடத்திலேயே இருந்தது. இந்த முறை அரிவாள்மனையிலும் உட்கார்ந்தேன், ஸ்கூட்டரிலும் ஏறினேன், பரணில் இருந்து அண்டாவையும் இறக்கினேன். எங்கேயும் பிடிக்கவில்லை. நிற்கும்போது மட்டும் இடுப்புக்கு மேலே முதுகில் துணி லேசாகச் சரிந்து நிற்கும். அது உட்காருவதற்கான துணி, அது அங்கே இருந்துதான் ஆக வேண்டும்.

நீங்கள் தைப்பதாக இருந்தால் இடுப்பில் ஒரு தையல் வையுங்கள். தோளிலிருந்து கால் வரை ஒரே துண்டாக வெட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அளவு பிசகினால் சரிசெய்ய வழியில்லை. நான் இடுப்புத் தையலில் மட்டும் ஒன்றரை இஞ்சு விட்டு வெட்டினேன். மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை. பிற்பாடு வேண்டுமானால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

வெட்டுவதற்கு எங்கள் ஊரில் நேரம் பார்க்க வேண்டும். மே மாசக் கடைசியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் பத்து மணிக்கு மேல் ஜன்னலைத் திறக்க முடியாது, மணலோடு வரும். ஜன்னலை அடைத்தால் ஃபேன் போட வேண்டும், ஃபேன் போட்டால் துணி பறக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, காற்று அடங்கியிருக்கிற நேரத்தில், தரையைத் துடைத்துத் துணியை விரித்தேன். முதலில் துணியின் ஓரத்தில் ஒரு குறுக்கு நூலை ஊசியால் கிளப்பி மெதுவாக இழுத்தேன். கரையிலிருந்து கரை வரைக்கும் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால்தான் துணி நேர். கடையில் வெட்டிக் கொடுத்த விளிம்பு இரண்டு இஞ்சு சாய்ந்திருந்தது. லினனில் நேர் பிசகினால் கால் குழல் துவைக்கத் துவைக்க முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் முன்னால் வந்துவிடும். இந்த நூல் இழுக்கிற வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் நாலு தடவை நூல் அறுந்தது, அறுந்த இடத்திலிருந்து பக்கத்து நூலைப் பிடித்துத் தொடர்ந்தேன். பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இது.

செய்தித்தாளை ஒட்டி வெட்டிய மாதிரித்தாளை விரித்து, பறக்காமல் இருக்க மேலே நாலு சங்கு வைத்தேன். வீட்டில் கிடந்த சங்குகள்தான். குண்டூசியைவிட இது எவ்வளவு மேல் என்பதை ஒரு நஷ்டத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வெட்டிய துண்டுகளைச் சேர்த்து அங்கங்கே குண்டூசி குத்திவைத்துவிட்டு, சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் பரமக்குடி போய்விட்டேன். எட்டு நாள் கழித்து வந்து எடுத்தால் குண்டூசி இருந்த இடத்தில் எல்லாம் பழுப்புப் புள்ளி. மொத்தம் ஏழு. உப்புக் காற்றில் இங்கே எதுவும் துருப்பிடிக்கும், தெரிந்த விஷயம்தான், கல்யாண அவசரத்தில் மறந்துவிட்டேன். எலுமிச்சைச் சாற்றில் கல் உப்பைத் தொட்டுப் புள்ளியில் தேய்த்து அரை மணி நேரம் வெயிலில் வைத்து அலசினேன். இரண்டு தடவை செய்ததில் ஐந்து புள்ளி முழுக்கப் போனது, இரண்டு மங்கலாய்த் தங்கியது. அந்த இரண்டும் பைக்குள் மறைகிற இடத்தில் அமைந்தது என் அதிர்ஷ்டம். சாயம் போட்ட துணி என்றால் எலுமிச்சை நிறத்தையும் சேர்த்து வெளுக்கலாம், ஒரு மூலையில் தடவிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இப்போதெல்லாம் துண்டுகளை நூலால் ஓட்டுத் தையல் போட்டுத்தான் சேர்த்து வைக்கிறேன்.

மிஷினுக்கும் இதே கவனம் வேண்டும். அம்மாவின் மிஷின் காலால் மிதிக்கிற பழைய கறுப்பு மிஷின். ராத்திரி வேலை முடிந்ததும் ஊசித் தட்டுக்கு அடியில் பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டிவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் செருகி வைப்பார். சின்ன வயசில் ஏன் இவ்வளவு பாடு என்று நினைப்பேன். வெட்டிய லினன் விளிம்பு தைக்கத் தைக்கப் பஞ்சு உதிர்க்கிறது. இரண்டு நாள் தட்டாமல் விட்டால் பாபின் பக்கம் நூல் சுருளும். ஊசி ஒற்றை மடிப்புக்கு 14 நம்பர், பை, பட்டி என்று துணி அடுக்குகிற இடத்துக்கு 16. புது உடுப்புக்குப் புது ஊசி. மழுங்கிய ஊசி லினன் இழையைத் துளைக்காமல் இழுத்துக்கொண்டு போகும், தையலை ஒட்டிக் கோடு கோடாய்த் தெரியும்.

கழுத்தை வெட்டிய கையோடு அதன் விளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். குறுக்கு விழுகிற இடம், கையில் எடுத்துப் புழங்கப் புழங்க விரியும். நான் முன் கழுத்துக்கு ஓட்டிவிட்டு, பின் கழுத்து சின்னதுதானே என்று விட்டேன். பட்டி வைக்கும்போது முக்கால் இஞ்சு விரிந்திருந்தது. ஈரத்துணி வைத்து அயர்ன் பண்ணிச் சுருக்கிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

வீட்டில் விளிம்புப் பிசிறைக் கட்டுகிற ஓவர்லாக் மிஷின் கிடையாது. லினன் பிசிறு விடுவதில் மற்றத் துணிகளை மிஞ்சும். அதனால் பக்கத் தையல், கால் தையல், தோள் எல்லாம் பிரெஞ்சுத் தையல். நல்ல பக்கம் இரண்டும் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் இஞ்சில் ஒரு தையல், பிசிறை அரைக்கால் இஞ்சு விட்டுக் கத்தரித்து, உள்ளே திருப்பி அயர்ன் செய்து, மூன்று அரைக்கால் இஞ்சில் இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடைந்துவிடும். உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரியே இருக்கும். கவட்டையில் மட்டும் இதைச் செய்யவில்லை. நாலு தையல் வந்து கூடுகிற இடம், தடித்து உறுத்தும். அங்கே சாதாரணத் தையலை ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு தடவை ஓட்டி, விளிம்புக்கு வேட்டித் துணியில் வெட்டிய கிராஸ் பட்டி கட்டினேன். ஒவ்வொரு தையலுக்கும் அப்புறம் அயர்ன். தண்ணீர் தெளித்து, பெட்டி நல்ல சூட்டில் இருக்கும்போது அழுத்தினால் லினன் சொன்ன பேச்சுக் கேட்கும். உலர்ந்த லினனை எவ்வளவு தேய்த்தாலும் கேட்காது.

பை இல்லாத உடுப்பை இனி நான் தைக்கப் போவதில்லை. பக்கத் தையலில் பை வைத்தால் போன் எடை இழுத்து வெளியே தொங்கும். அதற்காகப் பைத்துணியின் மேல் விளிம்பை இடுப்புத் தையலோடு சேர்த்துத் தைத்தேன். எடையை இடுப்பு தாங்கிக்கொள்ளும். வாய் ஆறரை இஞ்சு, ஆழம் பதினொன்று. பைத்துணி வேட்டிதான், லினனில் வைத்தால் தொடையில் புடைக்கும்.

இடுப்பில் முன்பக்கம் தட்டை, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக். வியர்வையும் உப்பும் எலாஸ்டிக்கைச் சீக்கிரம் தளர்த்திவிடும். அதனால் எலாஸ்டிக் போகிற குழலில் உள்பக்கம் இரண்டு இஞ்சை மிஷின் தையல் போடாமல் கையால் எம்மிங் செய்து மூடினேன். தளர்ந்தால் அங்கே பிரித்து மாற்றிக்கொள்ளலாம்.

முன் ஓப்பன் எவ்வளவு நீளம் என்பது பாத்ரூம் விஷயம், வெளிப்படையாகவே சொல்கிறேன். இடுப்போடு ஓப்பனை நிறுத்தினால் தோளைக் கழற்றி உடுப்பை இறக்க மல்லுக்கட்ட வேண்டும். நான் இடுப்புக்குக் கீழே ஏழு இஞ்சு வரை திறந்து வைத்தேன். அவசரத்துக்குக் கழற்றும்போது கைப்பகுதி ஈரத் தரையில் விழாமல் இரண்டு கையையும் முன்னால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வேன். தைக்கிறதுக்கு முன்னாலேயே வேட்டி மாதிரியில் இதையும் பழகிப் பாருங்கள்.

பட்டன் நுழைகிற துளையான காஜாவைக் கடையில் கொடுக்கவில்லை. முன்பு ஒரு சட்டைக்குக் கொடுத்து, மிஷின் வெட்டிய இடத்தில் பிசிறு பிசிறாய் வந்துவிட்டது. கையால் எடுத்தேன். காஜா வர வேண்டிய இடத்தைச் சுற்றிப் பொடித் தையலாய் மிஷினில் ஒரு சுற்று ஓட்டி, அதற்கப்புறம்தான் நடுவில் கத்தரி வைத்தேன். இரட்டை நூலில் மெழுகு தடவி, ஒவ்வொரு குத்துக்கும் நூலை ஊசிக்கு அடியில் சுற்றி, முடிச்சு சரியாக வெட்டு விளிம்பில் உட்காரும்படி இழுக்க வேண்டும். முதல் காஜாவுக்கு 40 நிமிஷம். ஏழாவதுக்கு 20. முதலாவதைக் கீழே, பார்வையில் படாத இடத்தில் வைத்து ஆரம்பித்தேன், கழுத்துக்கு வரும்போது கை பழகியிருந்தது.

கால் விளிம்பை உடனே மடிக்கவில்லை. இரண்டு நாள் கொடியில் தொங்கவிட்டேன். அகலக் கால் என்பதால் சாய்வாய் வெட்டிய பக்கம் எடை இழுத்து முக்கால் இஞ்சு இறங்கியிருந்தது. அதை வெட்டிச் சமன் செய்து மடித்தேன்.

மொத்தம் ஏறக்குறைய 2,400 ரூபாய், மூன்று மாதிரிகளையும் சேர்த்து 27 மணி நேரம்.

ஜூன் 14 அன்று அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தடை முடிகிற அன்றைக்கு ஐஸ் கம்பெனியில் நிற்க நேரம் இருக்காது. எல்லாப் படகுக்கும் ஒரே நாளில் ஐஸ் வேண்டும். தரையெல்லாம் உருகிய தண்ணீர். மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினேன், குந்தவைத்து எண்ணினேன், வண்டித் தட்டில் ஏறி இறங்கினேன். முட்டிவரைக்கும் நனைந்தது மூன்று மணி வாக்கில், ஐந்து மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. சுருக்கம் விழுந்ததா என்றால், உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்திலேயே விழுந்தது. லினன் கசங்கத்தான் செய்யும். தோள் ஒரு தடவைகூட இழுக்கவில்லை என்பதை ராத்திரி வீட்டுக்கு வந்து கழற்றும்போதுதான் கவனித்தேன்.

பத்து வாரம் ஆகிறது. துவைக்கத் துவைக்கத் துணி மிருதுவாகிக்கொண்டே வருகிறது. சிரட்டை பட்டன் ஊறினால் பளபளப்புப் போகிறது, விரலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினால் திரும்பி வருகிறது. உள்தொடையில் இழை லேசாக மெலிவது தெரிகிறது. மிச்சத் துணியில் உள்ளே ஒட்டுப்போட இரண்டு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். முதுகில் நிற்கிற அந்தச் சரிவைப் பிடித்துத் தைத்துவிடு என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

போன வாரம் சின்னப்பாலத்து அக்கா ஒருவர் வந்தார். லினன் வேண்டாம், கடலுக்குப் போட்டுப்போகப் பருத்தியில் இதேபோல் பை வைத்து ஒன்று வேண்டும் என்றார். நான் டேப்பை எடுத்ததும் இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். “அளவு அப்புறம் எடுக்கலாம்க்கா. கடல்ல பாசி எடுக்கும்போது எப்படிக் குனிவீங்க, அதை முதல்ல காட்டுங்க” என்றேன்.